ராணிப்பேட்டைப் பெட்டி உறைவது வெயிலால் அல்ல, லாக்கால்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவில் நான்கு கோர் உள்ள ஒரு லினக்ஸ் பெட்டி ஓடுகிறது. உபுண்டு 22.04, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.15. நீரின் அமிலத்தன்மை, ஓட்டம் எல்லாம் ஒரு பிசிஐ கார்டு வழியாக உள்ளே வருகின்றன. ஒரு பைத்தான் நிரல் 30 விநாடிக்கு ஒருமுறை அந்தக் கார்டுக்குப் புதிய அமைப்புகளை அனுப்புகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பெட்டி அப்படியே உறைந்துவிடுகிறது. எலக்ட்ரீஷியன் வெயில் என்றார், யுபிஎஸ் மாற்றினீர்கள். இன்னொருவர் ரேம் என்றார், அதையும் மாற்றினீர்கள். திரையில் பைத்தான் பெயர் தெரிந்ததால் பைத்தானையே அழித்து மறுபடி நிறுவினீர்கள். எதுவும் உதவவில்லை. மூன்று முறை உறைந்தபோது எடுத்த மூன்று போட்டோக்களும், கார்டு விற்றவர்கள் கொடுத்த டிரைவரின் (கார்டை இயக்கும் நிரல்) மூலநிரலில் ஒரு பக்கமும் அனுப்பியிருக்கிறீர்கள்.

நம்ம ஊரில் ஏப்ரல் மே மாதத்தில் எந்த மெஷின் நின்றாலும் பழி வெயில் மேல்தான் விழும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சூட்டால் வரும் கோளாறுக்கு ஒரு குணம் உண்டு: ஒரே இடத்தில் விழாது. இன்று ஃபைல் சிஸ்டத்தில் விழும், நாளை நெட்வொர்க்கில் விழும், அதற்கு மறுநாள் சம்பந்தமே இல்லாத ஒரு நிரல் செத்துப்போகும். பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே சிபியு சூடேறியதால் வேகத்தைக் குறைத்ததாகவோ, மெஷின் செக் (வன்பொருள் பிழை) என்றோ பதிவில் ஒரு வரியாவது இருக்கும். கெட்டுப்போன ரேமும் அப்படித்தான், நினைத்த இடத்தில் கை வைக்கும். உங்கள் மூன்று போட்டோவிலும் ஒரே ஃபங்ஷன் (நிரலின் ஒரு துண்டு), அதற்குக் கீழே அதை அழைத்தவர்களின் ஒரே வரிசை. ஜனவரியிலும் இதே மாதிரி நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உறைகிறது என்றால் அது மென்பொருள். கத்தரி வெயிலை இந்த முறை விட்டுவிடலாம். என் சந்தேகம் லாக் மேல், அதாவது ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி நிரல் போடும் பூட்டின் மேல்.

சரி, போட்டோவில் இருப்பதைப் படிப்போம். "சாஃப்ட் லாக்கப், சிபியு 2, 22 விநாடியாக மாட்டிக்கொண்டிருக்கிறது" என்பதுதான் முதல் வரி. உங்கள் நான்கு கோரையும் கெர்னல் சிபியு 0 முதல் 3 வரை என்று எண்ணுகிறது. கெர்னலுக்குள் ஒரு காவலாளி இருக்கிறது, வாட்ச்டாக் என்று பெயர். ஒரு சிபியுவில் மற்ற வேலைகளுக்கு இடமே விடாமல் கெர்னல் 20 விநாடிக்கு மேல் ஓடினால் அது கத்தும். வரம்பு எண் 10, சாஃப்ட் லாக்கப்புக்கு அதன் இரு மடங்கு. 4 விநாடிக்கு ஒருமுறைதான் அது எட்டிப் பார்க்கும், அதனால்தான் செய்தியில் எப்போதும் 22, 23 என்று வருகிறது. அந்த எண்ணுக்கு வேறு அர்த்தம் எதுவும் கிடையாது.

அடுத்த வரிகளில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். சிபியு 2-இல் ஓடியது பைத்தான். அது நின்ற இடம் எஸ்எம்பி கால் ஃபங்ஷன் மெனி கண்ட். இந்த ஃபங்ஷன் செய்வது என்ன? ஒரு சிபியு மற்ற சிபியுக்களிடம் "எல்லோரும் இந்தச் சின்ன வேலையைச் செய்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, எல்லோரும் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறது. உங்கள் போட்டோவில் நினைவக அட்டவணையை மாற்றியதால் மற்ற சிபியுக்களின் பழைய குறிப்புகளை அழிக்கச் சொல்லியிருக்கிறது. அன்றாடம் ஆயிரக்கணக்கில் நடக்கிற காரியம் இது. சிபியு 2 ஒரு தப்பும் செய்யவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தது, ஒருவர் மட்டும் பதிலே சொல்லவில்லை.

வேலூர் கிரீன் சர்க்கிளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டியிருப்பீர்கள். யார் ஹாரன் அடிக்கிறார்கள் என்று கவனித்தால், எல்லோரும் பின்னால் நிற்பவர்கள். முன்னால் குறுக்கே நிற்கும் வண்டி ஹாரன் அடிப்பதில்லை. லாக் கோளாறில் கெர்னல் கொடுக்கும் செய்தி பெரும்பாலும் பின்னால் நிற்பவரின் ஹாரன். பைத்தானை அழித்து நிறுவியது ஹாரன் அடித்தவருக்கு அபராதம் போட்ட மாதிரி. செய்தியில் பெயர் வந்தவரைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இவர் யாருக்காகக் காத்திருக்கிறார்?

அப்படியானால் பதில் சொல்லாத அந்த சிபியு ஏன் தானாகக் கத்தவில்லை? இது முக்கியம். சாஃப்ட் லாக்கப் காவலாளி டைமர் இன்டரப்ட்டில் ஏறி வருவது. இன்டரப்ட் என்றால், ஓடும் வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கவனி என்று வன்பொருள் சிபியுவைத் தட்டுவது. ஒரு சிபியு இன்டரப்ட்டுகளை அணைத்துவிட்டு மாட்டிக்கொண்டால் அந்த டைமரே அங்கே நுழைய முடியாது. உண்மையிலேயே மோசமாக மாட்டியிருக்கும் சிபியு ஊமையாகிவிடும், அதற்காகக் காத்திருக்கும் நல்ல சிபியுதான் கத்தும். இந்த ஊமையைப் பிடிப்பதற்கென்றே ஹார்ட் லாக்கப் காவல் என்று இன்னொன்று இருக்கிறது. எதனாலும் தடுக்க முடியாத என்எம்ஐ இன்டரப்ட் வழியாக வருவது, 10 விநாடியில் பிடித்துவிடும். ஆனால் உங்கள் மூன்றாவது போட்டோவின் மேல் ஓரத்தில் பூட் வரி (பெட்டி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகள்) தெரிகிறது. அதில் என்எம்ஐ வாட்ச்டாக் 0 என்று இருக்கிறது. பெட்டி அமைத்துக் கொடுத்தவர்கள் அணைத்து வைத்திருக்கிறார்கள். திருடனைப் பார்க்கக்கூடிய ஒரே கேமராவின் ஒயரைப் பிடுங்கி வைத்த மாதிரி. முதல் வேலையாக அதை 1 ஆக்குங்கள்.

இனி டிரைவர். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ஒன்று பைத்தான் அமைப்பு அனுப்பும்போது ஓடும் ஐஆக்டில் ஃபங்ஷன். இன்னொன்று கார்டிலிருந்து இன்டரப்ட் வரும்போது ஓடும் ஹேண்ட்லர். இரண்டும் ஒரே ஸ்பின்லாக்கை எடுக்கின்றன. இரண்டும் வெறும் ஸ்பின் லாக் என்ற அழைப்பால்தான் எடுக்கின்றன. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது.

நடப்பது இதுதான். சிபியு 0-இல் ஐஆக்டில் ஓடுகிறது, லாக்கை எடுத்துவிட்டது (சிபியு 2-இல் காத்திருந்தது அதே பைத்தான் நிரலின் இன்னொரு இழையாக இருக்க வேண்டும்). விடுவதற்கு முன்னால் அதே சிபியு 0-க்கு கார்டின் இன்டரப்ட் வருகிறது. கெர்னல் ஐஆக்டிலை அப்படியே நிறுத்திவிட்டு ஹேண்ட்லரை ஓட்டுகிறது. ஹேண்ட்லர் லாக்கைக் கேட்கிறது, லாக் பூட்டியிருக்கிறது. ஸ்பின்லாக் என்றால் தூங்காமல் அதே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருப்பது. ஹேண்ட்லர் சுற்றுகிறது. ஹேண்ட்லர் முடிந்தால்தான் ஐஆக்டில் தொடரும், ஐஆக்டில் தொடர்ந்தால்தான் லாக் விடுபடும், லாக் விடுபட்டால்தான் ஹேண்ட்லர் முடியும். இன்டரப்ட் அணைந்த நிலையில் சிபியு 0 அதற்குள்ளேயே கிடக்கும். இன்டரப்ட் வேறு சிபியுவுக்கு வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அங்கே ஹேண்ட்லர் சில மைக்ரோ விநாடி சுற்றும், இங்கே ஐஆக்டில் முடித்து லாக்கை விடும், வேலை நடக்கும். இது எப்போதாவது மட்டும் நடப்பதற்கு அதுதான் காரணம்.

"அப்படியானால் ஏன் மூன்று நாளுக்கு ஒருமுறை?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் இந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் என் சந்தேகம் தப்பு. கார்டு விநாடிக்கு 100 இன்டரப்ட் கொடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐஆக்டில் லாக்கைப் பிடித்திருக்கும் நேரம், அதற்குள் இருக்கும் வேலையைப் பார்த்தால், 5 மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 5 மைக்ரோ விநாடிக்குள் ஒரு இன்டரப்ட் விழும் வாய்ப்பு 2,000-இல் ஒன்று. பைத்தான் நான்கு கோரில் எதில் வேண்டுமானாலும் ஓடலாம், இன்டரப்ட் ஒரே கோருக்குத்தான் வரும் என்றால் அது 8,000-இல் ஒன்றாகிறது. 30 விநாடிக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 2,880 ஐஆக்டில். 8,000-ஐ 2,880-ஆல் வகுத்தால் சுமார் 2.8 நாள். நீங்கள் சொன்ன "இரண்டு மூன்று நாள்" தானாக வந்து உட்காருகிறது. ஒரு கணக்கு ஒத்துவந்தால் மட்டும் குற்றம் நிரூபணமாகிவிடாது, ஆனால் இனி எங்கே தோண்டுவது என்று தெரிந்துவிட்டது.

இதை நிரூபிக்க மூன்று நாள் காத்திருக்கத் தேவையில்லை. ப்ராக் அடைவில் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து, கார்டின் வரியில் எந்த சிபியுவின் எண்ணிக்கை ஏறுகிறது என்று பாருங்கள். சிபியு 0 என்றுதான் நினைக்கிறேன். பிறகு உதிரிப் பெட்டி ஒன்றில் அதே கார்டைச் செருகி ஓடவிட்டு, டாஸ்க்செட் கட்டளையால் ஒரு சின்ன நிரலைச் சிபியு 0-இல் கட்டிப்போட்டு, விநாடிக்கு 1,000 முறை அதே ஐஆக்டிலை அழைக்கச் சொல்லுங்கள். என் ஊகம் சரியென்றால் சில விநாடிகளில் பெட்டி உறையும். அதே நிரலைச் சிபியு 1-இல் கட்டி இரவு முழுக்க ஓடவிட்டால் உறையாது. ஆனால் இன்டரப்ட் சிபியு 0-ஐ விட்டு நகராமல் இருக்க இன்டரப்ட்டுகளை சிபியுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐஆர்க்யூ பேலன்ஸ் சேவையை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஒரே மாற்றம், ஒன்றில் உறைகிறது, மற்றதில் உறையவில்லை. இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

உதிரிப் பெட்டியில் என்று அழுத்திச் சொல்கிறேன். ஆலையில் ஓடும் பெட்டியில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பாலாற்றுக்கும் நம்ம ஊர்க் கிணறுகளுக்கும் தோல் கழிவு என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் தீர்ப்பு சொன்னது அதைப் பற்றித்தான். அந்தப் பெட்டி உறைந்து கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தண்ணீர் அளக்கப்படாமல் போகிறது. இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக உட்கார்ந்து எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது டம்ப், அதாவது கெர்னல் விழுந்த நேரத்து நினைவகத்தின் நகல். போட்டோவை வைத்து இதுவரை ஊகித்தேன், டம்ப் இருந்தால் ஊகிக்கவே வேண்டாம். கேடம்ப் என்ற ஏற்பாடு 2005 முதல் கெர்னலில் இருக்கிறது. பூட் வரியில் க்ராஷ்கெர்னல் 256எம் என்று கொடுத்தால், அந்த அளவு நினைவகத்தை ஒதுக்கி அதில் ஒரு குட்டிக் கெர்னலைத் தயாராக வைத்திருக்கும். பெரிய கெர்னல் விழுந்ததும் குட்டி எழுந்து, இறந்தவரின் நினைவகத்தை அப்படியே கோப்பாக எழுதிவைக்கும். உபுண்டுவில் லினக்ஸ் க்ராஷ்டம்ப் என்ற தொகுப்பை நிறுவினால் போதும், கோப்பு வார் அடைவுக்குள் க்ராஷ் என்ற இடத்தில் வந்து விழும். ஆனால் உறைந்துபோன கெர்னல் தானாக விழாது. அதற்குத்தான் சாஃப்ட் லாக்கப் பேனிக், ஹார்ட் லாக்கப் பேனிக் இரண்டையும் 1 ஆக்க வேண்டும். மாட்டிக்கொண்டது தெரிந்த உடனே பேனிக் ஆகி, அதாவது கெர்னல் தானே விழுந்து, டம்ப் எடுக்கும். அமைத்த அன்றே சிஸ்ஆர்க்யூ (கெர்னலுக்கு நேரடிக் கட்டளை கொடுக்கும் வசதி) வழியாக ஒருமுறை வேண்டுமென்றே விழவைத்து, கோப்பு வருகிறதா என்று பாருங்கள். இந்த ஒத்திகையைச் செய்யாமல் விட்டு, மூன்று வாரம் காத்திருந்து, கடைசியில் வட்டில் இடமில்லாமல் காலிக் கோப்பைப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

டம்ப் கிடைத்ததும், அதே கெர்னலுக்கான டீபக் குறியீட்டுக் கோப்பையும் (முகவரிகளைப் பெயர்களாக மாற்றித் தருவது) வைத்து க்ராஷ் என்ற கருவியில் திறக்க வேண்டும். முதலில் எல்லா சிபியுவின் ஸ்டாக்கையும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற அடுக்கு) கேளுங்கள்: பிடி, ஒரு இடைவெளி, கழித்தல் குறி, ஏ. கத்திய சிபியு 2-ஐ இப்போது பார்க்கவே வேண்டாம். சிபியு 0-க்குப் போங்கள். மேலே க்யூட் ஸ்பின் லாக் ஸ்லோபாத் என்று இருக்கும், அதாவது லாக்குக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே கார்டின் ஹேண்ட்லர். அதற்குக் கீழே இன்டரப்ட் நுழைந்த இடத்தின் வரிகள், ஒரு எல்லைக்கோடு மாதிரி. அந்தக் கோட்டுக்கும் கீழே, இன்டரப்ட் வந்தபோது ஓடிக்கொண்டிருந்தவர் யார் என்று இருக்கும். அங்கே உங்கள் ஐஆக்டில் ஃபங்ஷன் இருந்தால் வழக்கு முடிந்தது. கேட்பவரும் பிடித்திருப்பவரும் ஒரே சிபியுவில், ஒரே ஸ்டாக்கில், ஒருவர் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

லாக்கின் மதிப்பையும் படித்துவிடுங்கள், கற்றுக்கொள்ள நல்ல இடம். இப்போதைய எக்ஸ்86 கெர்னலில் ஸ்பின்லாக் என்பது 32 பிட் எண். பதினாறடிமானத்தில் எழுதினால் கடைசி இரண்டு இலக்கம் பூட்டியிருக்கிறதா என்பது: 01 என்றால் பூட்டு. அதற்கு முந்தைய இரண்டு இலக்கம் அடுத்த ஒருவர் வாசலில் நிற்கிறாரா என்பது. மேலே இருக்கும் நான்கு இலக்கம் வரிசையின் கடைசியில் நிற்கும் சிபியு எது என்பது. உங்களுடையதில் 00000101 என்று இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஒருவர் பிடித்திருக்கிறார், ஒருவர் வாசலில், வரிசை இல்லை. ஒருவேளை 00100101 என்று இருந்தால் மேல் பகுதியில் உள்ள 10-ஐ எடுத்து 4-ஆல் வகுக்க வேண்டும். பதினாறடிமானப் பத்து என்பது நம் 16, ஆகவே 4 வருகிறது. அதில் 1 கழித்தால் 3. வரிசையின் கடைசியில் சிபியு 3. கவனியுங்கள், இந்த எண் நிற்பவர்களைத்தான் சொல்கிறது. பிடித்திருப்பவர் யார் என்று சாதாரண கெர்னலின் ஸ்பின்லாக்கில் எங்கேயும் எழுதியிருக்காது. அதனால்தான் ஸ்டாக்குகளைப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. டீபக் ஸ்பின்லாக் என்ற தேர்வோடு கட்டிய கெர்னலில் மட்டும் உரிமையாளரும் அவருடைய சிபியு எண்ணும் பதிவாகும்.

மியூடெக்ஸ் (காத்திருப்பவர் தூங்கும் வகை லாக்) இதைவிட இரக்கமானது, பிடித்திருப்பவரின் முகவரியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். இதை நான் கற்றுக்கொண்டது 2018-இல், சென்னையில் வேலை பார்த்தபோது. எங்கள் சேமிப்புப் பெட்டி ஒன்று வாடிக்கையாளர் இடத்தில் அடிக்கடி செயலிழந்தது. பதிவில் "இந்த டாஸ்க் 120 விநாடிக்கு மேல் அடைபட்டிருக்கிறது" என்று வந்தது. ஸ்பின்லாக் போலச் சுற்றாமல் தூங்கிக்கொண்டே காத்திருப்பவர்களுக்கு வரும் செய்தி அது. டாஸ்க் என்றால் கெர்னல் ஓட்டும் ஒரு வேலை. அந்த டாஸ்க்கின் பெயரைப் பிடித்துக்கொண்டு அதன் நிரலைப் பத்து நாள் வரி வரியாகப் படித்தேன். ஒரு தப்பும் இல்லை. கடைசியில் பக்கத்து மேசையில் இருந்த மூத்தவர் ஒருவர் வந்து, "அது எந்த மியூடெக்ஸ்? அதன் ஓனர் யார்?" என்றார். டம்பில் அந்த மியூடெக்ஸைத் திறந்தோம். ஓனர் என்ற இடத்தில் ஒரு நீண்ட முகவரி, கடைசி இரண்டு இலக்கம் 81. "81-இல் டாஸ்க் முகவரி முடியாதே?" என்று கேட்டேன். கடைசி மூன்று பிட்கள் முகவரி இல்லை, குறிப்புகள் என்றார் அவர். அந்த 1-க்கு அர்த்தம் யாரோ காத்திருக்கிறார்கள் என்பது. அதை நீக்கினால் 80, அதுதான் டாஸ்க். அதன் ஸ்டாக்கைப் பார்த்தால் அது வேறொரு மியூடெக்ஸுக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த இரண்டாவது மியூடெக்ஸின் ஓனர் யார் என்று பார்த்தால், நான் பத்து நாள் படித்த முதல் டாஸ்க்.

இருவரும் இரண்டு லாக்கை எதிரெதிர் வரிசையில் எடுத்திருந்தார்கள். அமைப்பை மாற்றும் வழி முதலில் பட்டியல் லாக்கை எடுத்து, பிறகு போர்ட் லாக்கைக் கேட்டது. கேபிள் கழன்றால் ஓடும் வழி முதலில் போர்ட் லாக்கை எடுத்து, பிறகு பட்டியல் லாக்கைக் கேட்டது. வேலூர் லாங்கு பஜாரில் விடியற்காலையில் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு லோடு வண்டி நுழைந்து நடுவில் மூக்கோடு மூக்கு நின்ற மாதிரி. தனித்தனியாகப் படித்தால் இரண்டு நிரலும் சுத்தமாக இருக்கும். தப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. டம்பைத் திறந்தபின் கண்டுபிடிக்க ஆனது கால் மணி நேரம். அன்றிலிருந்து அடைபட்டவரின் நிரலை நான் முதலில் படிப்பதே இல்லை.

இப்போது லாக்டெப் என்ற சோதனைக் கருவி பற்றிச் சொல்ல வேண்டும். லாக் கோளாறுக்குக் கெர்னலில் இருக்கும் மிகப் பெரிய வரம் இதுதான் என்று நினைக்கிறேன். இங்கோ மோல்நார், ஆர்யன் வான் டி வென் இருவரும் எழுதி 2006-இல் 2.6.18-இல் சேர்ந்தது. டெட்லாக் (விடுபடவே முடியாமல் லாக்குக்காகக் காத்து நிற்பது) நடக்கும்வரை அது காத்திருப்பதில்லை. ஒவ்வொரு லாக்கும் எந்த நிலையில் எடுக்கப்பட்டது, வேறு எந்த லாக்கைப் பிடித்திருக்கும்போது எடுக்கப்பட்டது என்று குறித்துக்கொண்டே வரும். ஒரு லாக்கை இன்டரப்ட் திறந்திருக்கும்போது ஒருமுறை எடுத்ததைப் பார்த்தது, அதே வகை லாக்கை இன்டரப்ட்டுக்குள் ஒருமுறை எடுத்ததையும் பார்த்தது என்றால் போதும், அந்த நொடியே சொல்லிவிடும். இரண்டும் மோதியிருக்க வேண்டியதில்லை. உங்கள் கோளாறு ஆலையில் 2.8 நாளுக்கு ஒருமுறை வருகிறது. லாக்டெப் உள்ள கெர்னலில் பைத்தான் முதல் அமைப்பை அனுப்பி, அதற்குப் பின் முதல் இன்டரப்ட் வந்தவுடன், அதாவது அரை நிமிடத்துக்குள், அறிக்கை வந்துவிடும். "இன்கன்சிஸ்டன்ட் லாக் ஸ்டேட்" என்று தலைப்பு இருக்கும். கீழே சிபியு 0 லாக்கை எடுக்கிறது, இன்டரப்ட் வருகிறது, அதே லாக்கை மறுபடி எடுக்கிறது, டெட்லாக் என்று படமே வரைந்து காட்டும். நான் 2018-இல் பார்த்த எதிரெதிர் வரிசைக்கு "சர்க்குலர் டிபெண்டன்சி" என்ற தலைப்பில் வரும்.

இதற்கு ப்ரூவ் லாக்கிங் என்ற தேர்வோடு கெர்னலைக் கட்ட வேண்டும், டிரைவரையும் அந்தக் கெர்னலுக்காக மறுபடி கட்ட வேண்டும். வேகம் நன்றாகவே குறையும், ஆகவே உதிரிப் பெட்டியில் மட்டும். இன்னொன்று, முதல் அறிக்கை கொடுத்ததும் லாக்டெப் தன்னை அணைத்துக்கொள்ளும். பூட் ஆகும்போதே வேறு டிரைவர் ஒன்று ஒரு எச்சரிக்கையைக் கிளப்பியிருந்தால், உங்கள் டிரைவரைப் பற்றி அது வாயே திறக்காது. அறிக்கை வரவில்லை என்றால் முதலில் பதிவின் ஆரம்பத்திலிருந்து படியுங்கள்.

திருத்தம் எளிது என்று நினைப்பீர்கள். ஐஆக்டிலில் ஸ்பின் லாக் என்று இருப்பதை ஸ்பின் லாக் ஐஆர்க்யூ சேவ் ஆக்க வேண்டும், விடும் இடத்தில் அதற்கு இணையான ரிஸ்டோர். லாக்கைப் பிடித்திருக்கும் நேரத்துக்கு அந்த சிபியுவில் இன்டரப்ட் அணைந்திருக்கும், ஹேண்ட்லர் இடையில் நுழைய முடியாது. ஹேண்ட்லருக்குள் வெறும் ஸ்பின் லாக்கே போதும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், அந்தப் பக்கத்தில் இரண்டாவது தப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. லாக்கை எடுத்த பிறகுதான் காப்பி ஃப்ரம் யூசர் என்று பைத்தானின் நினைவகத்திலிருந்து அமைப்புகளை நகலெடுக்கிறார்கள். அந்தப் பக்கம் நினைவகத்தில் இல்லாவிட்டால் வட்டிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கும், அதற்கு டாஸ்க் தூங்க நேரும். ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது, அதிலும் இன்டரப்ட்டை அணைத்துவிட்டு. அது போதாதென்று, நகல் தோற்றால் அங்கேயே பிழை எண்ணைத் திருப்பிவிட்டு வெளியே போகிறார்கள், லாக்கை விடாமலே. இதுவரை பைத்தான் சரியான முகவரியே கொடுத்ததால் அந்த வழி ஓடவில்லை, அவ்வளவுதான். நகலை லாக்குக்கு வெளியே கொண்டுவாருங்கள். முதலில் உள்ளூர் மாறியில் நகலெடுத்து, தோற்றால் வெளியேறி, அப்புறம் லாக்கை எடுத்து, கார்டில் எழுதிவிட்டு, உடனே விடுங்கள். மூன்று தப்பும் போய்விடும். டீபக் அடாமிக் ஸ்லீப் என்ற தேர்வையும் போட்டு ஓட்டினால் இந்த மாதிரித் தூக்கங்களைக் கெர்னலே "தப்பான இடத்தில் தூங்கும் ஃபங்ஷன்" என்று சொல்லிக் காட்டிக்கொடுக்கும்.

லாக் எடுக்கவே மறந்தால் வரும் கோளாறு வேறு முகம் காட்டும், அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே எதுவும் உறையாது, எங்கோ ஒரு சுட்டி (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) கெட்டுப்போய் ஊப்ஸ் என்ற கெர்னல் பிழைச் செய்தி வரும். கெட்ட முகவரியில் 6பி என்பது திரும்பத் திரும்ப வந்தால், விடுவித்த நினைவகத்தை யாரோ இன்னும் தொடுகிறார்கள் என்று அர்த்தம். ஸ்லாப் (கெர்னலின் நினைவகப் பங்கீடு) சோதனை இயங்கும்போது விடுவித்த இடத்தைக் கெர்னல் அந்த எண்ணால் நிரப்பிவைக்கும். 'டெட்' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கி 100-இல் முடிந்தால், பட்டியலிலிருந்து ஏற்கனவே நீக்கிய ஒன்றை மறுபடி நீக்குகிறார்கள் அல்லது அதைப் பிடித்து நடக்கிறார்கள். இவற்றுக்கு லாக்டெப் உதவாது, கேஏசான், கேசிசான் என்ற கருவிகள் வேண்டும். கேசிசான் 2020-இல் 5.8-இல் வந்தது, இருவர் ஒரே இடத்தைக் காவலின்றித் தொடுவதைப் பிடிக்கும். உங்களுடையது இந்த வகை இல்லை.

யாரோ உங்களிடம் வாட்ச்டாக் வரம்பை 60 ஆக்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். செய்யாதீர்கள். உறைவது நிற்காது, உறைந்ததை இரண்டு நிமிடம் தாமதமாகத் தெரிந்துகொள்வீர்கள். திருத்திய டிரைவர் தயாராகும்வரை ஆலையில் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால், ஐஆர்க்யூ பேலன்ஸை நிறுத்திவிட்டு, பைத்தான் நிரலை டாஸ்க்செட்டால் சிபியு 1-இல் கட்டிப்போடுங்கள். இன்டரப்ட் சிபியு 0-க்கு மட்டும் வரும்வரை மோதல் நடக்காது. தப்பு அப்படியேதான் இருக்கும், ஆனால் தண்ணீர் அளப்பது நிற்காது. கூடவே பேனிக் ஆனால் தானாக மறுபடி பூட் ஆகும்படி வைத்துவிடுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் பவர் பட்டனைத் தேடி ஓட வேண்டாம்.

இன்டரப்ட்ஸ் கோப்பின் அந்த ஒரு வரியையும், டம்ப் கிடைத்ததும் சிபியு 0-இன் ஸ்டாக்கை மட்டும் எழுத்தாகவும் இங்கே போடுங்கள். டம்ப் கோப்பையே எங்கேயும் ஏற்றாதீர்கள். பெட்டியின் நினைவகம் முழுக்க அதில் இருக்கும், கடவுச்சொற்கள் உட்பட. நேரில் பார்க்க வேண்டும் என்றால் நான் சத்துவாச்சாரியில்தான் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை உதிரிப் பெட்டியையும் கார்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், லாக்டெப் கெர்னலைச் சேர்ந்தே கட்டிவிடலாம்.